வடிவத்துக்கும் ஒரு பதிவேடு

உங்கள் வீட்டு மிக்ஸி ஜாரின் கைப்பிடியை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். விரல்கள் நழுவாமல் இருப்பதற்காக அதன் உட்புறத்தில் சில வரிகள் இருக்கும். வெளிப்புறம் ஓர் இலையைப் போலவோ அன்னத்தின் கழுத்தைப் போலவோ வளைந்திருக்கும். வரிகள் இல்லாவிட்டால் கைப்பிடி வழுக்கும். அந்த வளைவு இல்லாவிட்டால் என்ன ஆகும்? சட்டினி அரைபடாமலா போய்விடும்? ஒன்றும் ஆகாது. கடையில் வரிசையாக வைத்திருந்த பத்து மிக்ஸிகளில் இதைச் சுட்டிக்காட்டி, "அதை எடுங்க" என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" என்பதில் அடங்கியுள்ள பணம் கொஞ்சமன்று. ஒரு பொருள் வேலை செய்யும் முறைக்குக் காப்புரிமை உண்டு. அதன் பெயருக்கு வணிகக்குறி உண்டு. அதன் தோற்றத்துக்கு? அதற்கும் ஓர் உரிமை உண்டு. அதற்கென ஒரு சட்டமும், கொல்கத்தாவில் ஒரு பதிவேடும் உண்டு. தொழில் வடிவமைப்பு உரிமை என்று இதனைக் கூறலாம். பட்டறைக்காரர்கள் "டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன்" என்பார்கள். அதன் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம்.

சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பாடியைக் கடந்து அம்பத்தூரை நோக்கிச் செல்லும்போது மண்ணூர்பேட்டை வருகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர். இங்கே சிறு வார்ப்புக் கூடம் ஒன்றை நடத்தும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவர். ஒருநாள் சொந்தமாக ஒரு கைப்பிடிக்கு வடிவம் வரைகிறார். கடன் வாங்கி டை வெட்டுகிறார். முதல் மாதிரிகளைப் பையில் போட்டுக்கொண்டு பாரிமுனைக்குப் போய் ஒரு மொத்த வியாபாரியிடம் காட்டுகிறார். கைப்பேசியில் படமெடுத்து நான்கு ஊர்களுக்கு அனுப்புகிறார். சரக்கு விற்கிறது. மூன்று மாதம் கழித்து, அதே வளைவுடன் அதே கைப்பிடி, கிலோவுக்கு இவ்வளவு குறைவு என்ற விலையில், வேறொருவர் பெயரில் சந்தைக்கு வருகிறது. நண்பர் அதன் பிறகு வழக்கறிஞரைத் தேடிப் போகிறார்.

அவர் தோற்பார் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நகல் செய்தவர் திருடவில்லை என்பதனால் அன்று. நம் நண்பர் செய்த காரியங்களின் வரிசை தவறிவிட்டது. எது முதலில், எது பின்னர் என்பதில்தான் இந்தச் சட்டத்தின் உயிர்நிலை இருக்கிறது. அது ஏன் அப்படி அமைந்தது என்று அறிய, இன்னொரு பேட்டைக்குச் செல்வோம்.

சீட்டித் துணி

பேட்டை என்னும் சொல், கைத்தொழிலும் வாணிகமும் கூடுகின்ற இடத்துக்குத் தமிழில் நெடுநாளாக வழங்கி வருவது. அதனால்தான் தொழிற்பேட்டை என்ற புதுச்சொல் நம் வாயில் அவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டது. 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் மதராசின் கவர்னராக இருந்தபோது, கூவம் ஆற்றின் வளைவில் ஒரு பேட்டை நிறுவப்பெற்றது. நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோரை ஓரிடத்தில் குடியேற்றிக் கம்பெனிக்கு வேண்டிய துணியைப் பெறுவதே நோக்கம். அதுவே சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதன் திரிபு என்பர். இன்றைய தொழிற்பேட்டைக்கு அதனை மூதாதை என்று கூறினால் மிகையாகாது.

அங்கும், சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் உருவான ஓவியத் துணிகளை நாம் சீட்டி என்றோம். ஆங்கிலேயர் சின்ட்ஸ் என்றனர். அதன் இரசாயனம் சுவையானது. பருத்தித் துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இழையில் ஏறும். பாலின் கொழுப்பு, தீட்டும் மை பரவி ஓடாமல் தடுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் தீட்டுவார்கள். கறுப்புக் கோடுகளுக்கு இரும்புக் கரைசல். பிறகு சாயவேர் எனப்படும் இம்பூரல் வேரின் சாறு கொதிக்கும் பாத்திரத்தில் துணியை இறக்குவார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்து நிற்கும். மற்ற இடங்களில் வெளுப்பின்போது போய்விடும். நீலத்துக்கு முறையே வேறு. நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகினால் மூடி, துணியை அவுரித் தொட்டியில் அமிழ்த்துவார்கள். இத்தனைக்கும் பிறகு துவைத்தால் சாயம் போகாது, மேலும் பளபளக்கும். ஐரோப்பா மயங்கியது இதற்காகத்தான்.

இந்த இரகசியம் நெடுநாள் இரகசியமாக இருக்கவில்லை. கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களைக் கேட்டறிந்து, முழுச் செய்முறையையும் 1742-இல் தம் நாட்டுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அது அச்சாகி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது. முறை போயிற்று. உருவங்கள் அதற்கு முன்பே போயிருந்தன. எந்தப் பூ, எந்தக் கொடி விற்கிறது என்று பார்த்து அங்கேயே அச்சிடத் தொடங்கினார்கள். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஐரோப்பிய வணிகர்களும் தம் நாட்டு ரசனைக்கேற்ற மாதிரிகளை இங்கே அனுப்பி, இதைப் போலத் தீட்டித் தாருங்கள் என்று கேட்டதுண்டு. போக்குவரத்து இருவழிப் பாதைதான். ஆனால் கணக்கு எழுதப்பட்டதென்னவோ ஒரு கரையில் மட்டுமே. தீட்டியவர் யார், முதலில் வரைந்தவர் யார் என்று சோழமண்டலக் கரையில் யாரும் பதிந்து வைக்கவில்லை. பதிவதற்கு ஏடும் இல்லை.

இரண்டு மாத உரிமை

பிரிட்டனில் நிலைமை என்ன? கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இந்திய ஓவியத் துணிகளைத் தடுக்க 1700-இல் ஒரு சட்டம். அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடுக்க 1721-இல் மற்றொரு சட்டம். தங்கள் நாட்டிலேயே நூற்று நெய்த பருத்தித் துணிக்கு மட்டும் 1774-இல் தடை நீங்கியது. அதன்பின் அச்சுத் தொழில் காட்டாறு போலப் பெருகியது.

இங்கேதான் எந்திரம் நுழைகிறது. மரக்கட்டையில் செதுக்கிக் கையால் அழுத்தி அச்சிடும்வரை, ஒருவருடைய உருவத்தை மற்றவர் நகல் செய்ய நாளாகும். 1783-இல் தாமஸ் பெல் என்பவர், செதுக்கிய உலோக உருளைகளால் துணியில் தொடர்ச்சியாக அச்சிடும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உருவத்தை ஒருமுறை உருளையில் செதுக்கிவிட்டால் போதும். கெஜம் கெஜமாக அச்சாகி விழும். இலண்டனை அடுத்து அச்சுக்கூடம் வைத்திருந்த வில்லியம் கில்பர்ன் என்பவர், தாவர நூல்களுக்குப் படம் வரைந்து கை தேர்ந்தவர். பூவும் இலையுமாக அவர் வரைந்த புதிய உருவங்கள், சந்தைக்கு வந்த சில நாள்களிலேயே வடக்கே லங்காஷயரில் நகலாகி மலிவு விலையில் விற்றன. அவர் நாடாளுமன்றத்துக்கு முறையிட்டார். மண்ணூர்பேட்டை நண்பரின் முறையீடு எதுவோ அதுவேதான்.

1787-இல் சட்டம் வந்தது. துணியில் அச்சிடும் புதிய உருவத்துக்கு, அது வெளிவந்த நாளிலிருந்து இரண்டு மாதம் உரிமை! 1794-இல் அதனை மூன்று மாதமாக்கினார்கள். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அக்காலத்தில் ஒரு பருவத்து நாகரிகம் அவ்வளவு நாள்தான் நின்றது. இந்திய உருவங்களைப் பார்த்துப் பழகிய ஒரு தொழில், தனக்குள் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்யாமல் இருக்க எழுப்பிய முதல் வேலி இது. வேலிக்குள் கில்பர்ன் இருந்தார், சிந்தாதிரிப்பேட்டை இல்லை.

பதிவேடு பிறந்தது 1839-இல். துணி மட்டுமன்றி, உலோகம், மரம், கண்ணாடி, மண்பாண்டம் என எல்லாத் தொழிற்பொருள்களின் வடிவங்களையும் ஓர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம் என்று அவ்வாண்டுச் சட்டம் கூறிற்று. 1842-இல் பொருள்களை வகுப்புகளாகப் பிரித்தார்கள். அப்போதிருந்து 1883 வரை, பதிவான பொருள்களில் சாய்சதுர வடிவில் ஒரு முத்திரை குத்தினார்கள். அதன் மூலைகளிலிருக்கும் எழுத்துகளைக் கொண்டு பொருளின் வகுப்பையும் பதிவான நாளையும் கண்டுபிடித்துவிடலாம். பழைய பீங்கான் பாத்திரம் எதையாவது பாட்டி வீட்டில் கண்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்தப் பதிவேடுகளும் மாதிரிகளும் இன்று பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1839 முதல் 1991 வரை ஏறத்தாழ 30 லட்சம் வடிவங்கள்.

சட்டம் இங்கே வந்த கதை

இந்தியாவில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் புதுக்கண்டுபிடிப்புகளுக்கு மட்டும் தனியுரிமை தந்தது. 1872-இல் அதனுடன் "புதிய வடிவமைப்பு" என்பதையும் சேர்த்தார்கள். 1888-இல் இரண்டையும் சேர்த்து ஒரு சட்டம். பிறகு 1911-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமை மற்றும் வடிவமைப்புச் சட்டம். கல்கத்தாவில் அலுவலகம் அமைந்தது. நாட்டின் தலைநகர் டில்லிக்குப் போன பின்னும் வடிவப் பதிவேடு கல்கத்தாவை விட்டு நகரவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது. நாம் சென்னையில் கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தாலும் அது கொல்கத்தாவுக்குத்தான் போகும்.

விடுதலைக்குப் பின், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய என். ராஜகோபால ஐயங்கார் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து 1959-இல் புகழ்பெற்ற அறிக்கை ஒன்றை அளித்தார். அதன் விளைவாகவே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் பிறந்தது. ஆனால் அது காப்புரிமைக்கு மட்டும். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பாதியை வெட்டியெடுத்த பின், வடிவமைப்புப் பாதி அப்படியே நின்றது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் அந்த மீதியே 2001 வரை நம்மை ஆண்டது.

அந்த ஆண்டுகளில்தான் நம் பகுதி தொழிற்பகுதியாயிற்று என்பதைக் கவனியுங்கள். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களில் பாடியில் லூக்காஸ்–டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாசனர்ஸ் முதலியன, 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. இந்தப் பெருந்தொழிற்சாலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் சிறு பட்டறைகள் எழுந்தன. அவற்றுக்குப் பழைய சட்டத்தில் ஒரு வசதி இருந்தது. அதுவே பெருங்குறையும் ஆகும். ஒரு வடிவம் புதியதா என்று பார்க்கும்போது, அது "இந்தியாவில்" முன்பு வெளியானதா என்று மட்டுமே பழைய சட்டம் கேட்டது. வெளிநாட்டில் புழங்கும் ஒரு வடிவம் இந்திய மண்ணை எட்டாதிருந்தால், அதை இங்கே பதிவதற்கு வழி இருந்தது. தண்டனையோ வேடிக்கை: ஒருமுறை நகலெடுத்தால் அதிக அளவு 500 ரூபாய்; ஒரு வடிவத்துக்கு மொத்தமாக 1,000 ரூபாய்க்கு மேல் கிடையாது. 1911-இல் அது பெருந்தொகை. தொண்ணூறு ஆண்டுக்குப் பின்னும் அதே எண் ஏட்டில் இருந்தது.

1995-இல் உலக வாணிப அமைப்பு உருவானது. அதன் அறிவுச் சொத்து உடன்படிக்கை, வடிவமைப்புக்குக் குறைந்தது பத்தாண்டுப் பாதுகாப்பு வேண்டும் என்றது. புதிய வடிவமைப்புச் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டு, 2001 மே 11 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒரு வடிவம் உலகில் எங்கு வெளியாகியிருந்தாலும் அது புதிதன்று.

கண்ணே நீதிபதி

எது வடிவமைப்பு? ஒரு பொருளின் உருவம், அமைப்பு, பாங்கு, அலங்காரம், கோடுகள் அல்லது வண்ணங்களின் சேர்க்கை — இவற்றில், முடிவான பொருளில் கண்ணால் பார்த்து மட்டுமே மதிப்பிடத்தக்கது எதுவோ அது என்கிறது சட்டம். எந்திர நுட்பமோ கட்டுமான முறையோ இதில் சேராது. வணிகக்குறியும் சேராது.

பட்டறைக்காரர்கள் அடிக்கடி இடறி விழும் இடம் இது. 1971-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்றை நம் நாட்டு நீதிமன்றங்களும் எடுத்துக்காட்டுவதுண்டு. ஆம்ப் என்னும் கம்பெனி, சலவை எந்திரங்களில் மின்கம்பியை இணைக்கும் சிறு உலோக முனையொன்றின் வடிவத்தைப் பதிந்திருந்தது. யூட்டிலக்ஸ் என்னும் கம்பெனி அதைப் போன்றே செய்தது. முனை அந்த உருவில் இருந்ததற்கு, அது செய்ய வேண்டிய வேலையைத் தவிர வேறு காரணம் இல்லை. எந்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் அதை அழகு பார்த்து வாங்குவார் யாருமில்லை. ஆகவே அது வடிவமைப்பே அன்று என்று முடிந்தது. நம் நண்பரின் கைப்பிடிக்கு வருவோம். ஜாரில் அது பூட்டிக்கொள்ளும் காடிக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. வெளிப்புற வளைவுக்கு உண்டு. மண்ணூர்பேட்டையிலும் பாடியிலும் உருவாகும் வாகன உறுப்புகளில் பெரும்பகுதி முதல் வகை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரேக் உள்ளுறுப்பு ஒன்றைப் பதியப் போனால் பணம்தான் வீண்.

இனி, புதுமை. நண்பர் தோற்றது இங்கேதான். பதிவுக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் வடிவம் பொதுமக்களுக்கு வெளியாகியிருக்கக் கூடாது. வெளியிட்டவர் அதன் சொந்தக்காரராகவே இருந்தாலும் கூடாது. எத்தனை பேருக்குக் காட்டினால் "வெளியீடு" ஆகும்? தீப்பெட்டிக்குப் பேர்போன விம்கோவுக்கும் சிவகாசியின் மீனா மேட்ச் இண்டஸ்ட்ரீசுக்கும் இடையிலான வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் 1983-இல் இதற்கு விடை கூறியது. வெளியீடு என்பது இரகசியமாக வைத்திருப்பதன் எதிர்நிலை. ஒரே ஒருவரிடம் வெளிப்படுத்தினாலும் போதும். பாரிமுனை வியாபாரியின் மேசைமேல் மாதிரியை வைத்த அந்த நொடியில் கதை முடிந்துவிட்டது. கைப்பேசிப் படம் அதற்குப் போட்ட மேல்முத்திரை. 2018-இல், உலகமறிந்த கிராக்ஸ் செருப்புக் கம்பெனிக்கே டில்லி உயர் நீதிமன்றம் தடையாணை தர மறுத்தது. பதிவு நாளுக்கு முன்பே அத்தகைய வடிவம் இணையத்தில் வெளியாகியிருந்தது என்பதே முக்கியக் காரணம்.

நம்பிக்கையின் பேரில், வெளியிடக் கூடாது என்ற உடன்பாட்டுடன் ஒருவருக்குக் காட்டியிருந்தால் அது வெளியீடு ஆகாது என்று சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. டை வெட்டுபவரிடம் வரைபடம் கொடுக்கும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்; அந்தக் கதவின் சாவி அது. கண்காட்சிகளுக்கும் விலக்கு உண்டு. ஆனால் மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியாக இருக்க வேண்டும். முன்கூட்டி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காட்டிய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நந்தம்பாக்கத்தில் நடக்கும் எல்லாக் கண்காட்சிக்கும் இது தானாகப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

டை வெட்டுவோருக்குச் சுவையான வழக்கு இன்னொன்று, கோபால் கிளாஸ் ஒர்க்ஸ் வழக்கு. கண்ணாடித் தகட்டில் பதியும் ஓர் உருவத்தை அக்கம்பெனி பதிவு செய்திருந்தது. அந்த உருவம் செதுக்கிய உருளைகளை ஜெர்மானிய நிறுவனம் ஒன்று முன்பே செய்துவந்தது. ஆகவே இது புதிதன்று என்று பாரத் கிளாஸ் டியூப் என்னும் கம்பெனி வாதிட்டது. பதிவு நீக்கப்பட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதனை மீட்டது. 2008-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உருளையில் உருவம் இருந்தது சரி, கண்ணாடித் தகட்டின்மேல் அது முன்பு வந்ததாக மெய்ப்பிக்கவில்லையே என்பது தீர்ப்பின் சாரம். வடிவம் ஆகாயத்தில் மிதப்பதன்று; ஒரு பொருளின்மேல் அமர்ந்தால்தான் சட்டம் அதனைக் காணும். தாமஸ் பெல்லின் உருளையை இங்கே நினைத்துக்கொண்டால் கதை சுற்றி வந்திருப்பது தெரியும்.

பதியாமலே விட்டால் பதிப்புரிமை காப்பாற்றாதா என்று சிலர் கேட்பார்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல், தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளாக உருவாக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆடைகளை வடிவமைக்கும் ரித்திகா என்னும் நிறுவனம் பீபாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2016-இல் இதனால்தான் நிற்கவில்லை. ஓவியம் எங்கே முடிகிறது, தொழில் வடிவம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைத் தகராறு இன்னும் ஓயவில்லை. எரிவாயு ஏற்றும் வாகனங்களின் வரைபடங்கள் பற்றிய கிரையோகேஸ் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்கு அளவுகோல் வகுத்துத் தந்தது. நம் நண்பருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஐம்பது கைப்பிடி அவர் கூடத்தில் ஒரு காலை வேளையில் விழும்.

பதிவதும் காப்பதும்

பதிவு முறை கடினமானதன்று. பொருளின் படங்களைப் பல பக்கங்களிலிருந்தும் எடுத்து, புதுமை எதில் உள்ளது என்று ஒரு வரி எழுதி, வகுப்பைக் குறித்து விண்ணப்பிக்க வேண்டும். வகுப்புகள் லொகார்னோ உடன்படிக்கையின்படி 1 முதல் 32 வரை உள்ளன. கருவிகளும் இரும்புச் சாமான்களும் 8-ஆம் வகுப்பு. சைக்கிள் முதலிய வண்டிகள் 12-ஆம் வகுப்பு. 2021-ஆம் ஆண்டுத் திருத்த விதிகளின்படி தனி மனிதருக்கும் சிறு தொழிலகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய், மற்றவர்களுக்கு 4,000. ஒரு டை வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் டீச் செலவு. அலுவலகம் குறை சொன்னால் விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கேட்டுக்கொண்டால் மேலும் மூன்று மாதம் வரை கிடைக்கும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். சான்றிதழ் எப்போது கைக்கு வந்தாலும், உரிமை தொடங்குவது விண்ணப்பித்த நாளிலிருந்து. ஆகவே சான்றிதழுக்காகக் காத்திருந்து சந்தையை இழக்க வேண்டியதில்லை. விண்ணப்ப எண் கைக்கு வந்த மறுநாளே பாரிமுனைக்குப் புறப்படலாம்.

உரிமை யாருக்கு என்பதில் ஜாப் ஒர்க் செய்வோர் கண்டிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஒருவர் கூலி பெற்றுக்கொண்டு மற்றொருவருக்காக வடிவத்தை உருவாக்கினால், கூலி கொடுத்தவரே உரிமையாளர். வரைந்த கை யாருடையது என்பது அங்கே செல்லாது. "எங்களுக்கு ஒரு நல்ல கைப்பிடி செய்து தாருங்கள்" என்று ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்து, வளைவு முழுவதையும் நம் நண்பர் தம் மூளையிலிருந்து போட்டிருந்தாலும், வேறு ஒப்பந்தம் இல்லையேல் அது கம்பெனிக்கே சேரும். எனக்கு இந்த விதி உவப்பானதன்று. ஆனால் சட்டம் இதுவே. ஆர்டர் தாளில் கையெழுத்திடும் முன் படித்துக்கொள்ள வேண்டியதும் இதுவே.

பதிந்த பிறகு? காப்புரிமைக்கு ஆண்டுதோறும் கட்டணம் கட்டுவது போல் இதற்கு இல்லை. முதலில் பத்தாண்டு, அது முடிவதற்குள் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் மேலும் ஐந்தாண்டு. பழைய சட்டத்தில் ஐந்து, ஐந்து, ஐந்தாக இருந்தது. பத்தாண்டு என்பது மறந்துபோவதற்கு வசதியான காலம். மறந்துவிட்டால் உரிமை காலாவதியாகும். ஓராண்டுக்குள் காரணம் காட்டி மீட்டுத்தரும்படி கேட்கலாம். ஆனால் இடைப்பட்ட நாள்களில் வேறு யாராவது அந்த வடிவத்தில் பொருள் செய்யத் தொடங்கியிருந்தால் அதற்காக அவர்மேல் வழக்கிட முடியாது. உரிமையை இன்னொருவருக்கு விற்றாலோ எழுதிக் கொடுத்தாலோ ஆறு மாதத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பிக்க வேண்டும். சந்தைக்கு அனுப்பும் பொருளில் "பதிவு செய்யப்பெற்றது" என்னும் அடையாளத்தையும் எண்ணையும் பொறிக்க வேண்டும். பொறிக்காமல் விட்டால், நகலெடுத்தவரிடம் பணம் பெறும் உரிமை பெரும்பாலும் கைநழுவும். டையிலேயே அந்த எழுத்துகளை வெட்டிவிடுவது புத்திசாலித்தனம். பழைய பிரிட்டிஷ் சாய்சதுர முத்திரையின் வாரிசு இது.

இவ்வளவும் ஒழுங்காக இருந்தால், நகலெடுத்தவர் ஒவ்வொரு முறைக்கும் 25,000 ரூபாய் வரையும், ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய் வரையும் தர வேண்டியிருக்கும். அல்லது அந்தத் தொகையை விட்டுவிட்டு, நட்டஈடும் தடையாணையும் கேட்டு வழக்குத் தொடரலாம். உண்மையான ஆயுதம் தடையாணைதான். வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போகாது. எதிராளி "இந்தப் பதிவே செல்லாது" என்று கிளப்பினால் உயர் நீதிமன்றத்துக்கு மாறும். கிளப்பாத எதிராளியைக் காண்பது அரிது. ஏனெனில் அலுவலகம் பதிவு தந்துவிட்டது என்பதாலேயே புதுமை உறுதியாகிவிடாது. வடிவம் முன்பே வெளியானது என்று யார் காட்டினாலும் பதிவு நீங்கும்.

பதினைந்தாம் ஆண்டு முடிவில் உரிமை முற்றாக நீங்குகிறது; எக்கட்டணத்துக்கும் அது நீளாது. பதிவேட்டில் படம் மட்டும் இருக்கும். அதைப் பார்த்து யாரும் டை வெட்டலாம், அந்த வளைவை வார்க்கலாம், பாரிமுனைக்கு அனுப்பலாம். மண்ணூர்பேட்டையில் அடுத்த தெருக்காரர் உட்பட.